அம்புக்குறி இல்லாத கொடி

அடுத்த வாரம் முதல் என் மேசையில் நீங்கள் இருவரும் உட்காரப் போகிறீர்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த டேப்லெட்டின் திரையில் கீறல் விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இது அதில் இல்லாத விஷயம். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை இவன் முப்பது வயதில் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். இந்த வேலையில் ஒரு ஆள் செய்யக்கூடிய தப்புகளில் பெரும்பாலானவற்றை ஆறு வருஷத்தில் நான் செய்து முடித்துவிட்டேன். அந்தக் கணக்கில் எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

நம் வேலை என்ன என்று வெளியே யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். டேப்லெட்டின் கேமராவை ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால், திரையில் அந்தப் பொருளின் மேலேயே எழுத்தும் அம்புக்குறியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பெயர் ஏ.ஆர். அதை வைத்து மனிதர்களுக்குத் தொழில் பழக்குகிறோம். சொல்வதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கும் வேலையில் எங்கே சறுக்கும் என்பதற்குக் கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டுவது உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும், இன்னொருவருக்குத் தெரியாது. தெரியாதவருக்காகச் சொல்கிறேன். அறுப்பு முடிந்ததும் கொடியை வெட்டிவிட வேண்டும். முற்றிய கொடி என்றால் அடியிலிருந்து நான்கு கண், அதாவது துளிர் வரும் மொட்டு, விட்டு வெட்டுவார்கள். அதில்தான் அடுத்த குலை வரும். முற்றாத கொடி என்றால் இரண்டே கண் விட்டு வெட்டி, அது தேறி வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். மாற்றி வெட்டினால் அந்தப் போகத்துக்கு அந்தக் கொடி வீண். ஆகவே, கவாத்து என்றால் கத்தரியைப் பிடிப்பது மட்டுமல்ல. இந்தக் கொடி முற்றியதா இல்லையா என்று ஒவ்வொரு கொடிக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்தத் தீர்ப்பை ஆண்கள்தான் சொல்வார்கள். ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே ஏழெட்டு ஆள். பெண்கள் பின்னாலேயே வந்து இலை உருவுவார்கள், வெட்டி விட்ட கொடியை வளைத்து வாழை நாரால் கம்பியில் கட்டுவார்கள். கத்தரி அவர்கள் கைக்கு வராது. அப்படிப்பட்ட பத்துப் பெண்களுக்குக் கவாத்து பழக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த வேலை.

முதல் பதிப்பை நான்தான் செய்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். அப்பா கம்பம் சந்தையில் வாழைத்தார் இறக்குகிறவர். நிறையத் தெரிந்து வைத்திருப்பதுதான் படிப்பு என்று நான் நம்பியிருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் திரையில் ஏற்றினேன். கணுவுக்கு ஒரு பெயர், பட்டைக்கு ஒரு பெயர், கொடியின் பருமன், வயது, ஓரத்தில் ஓடும் ஒரு வீடியோ, கூடவே ஒரு குரல். அலுவலகத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

பந்தலுக்கு அடியில் அதைப் பிடித்தபோது நிலைமை வேறு. கொடி தலைக்கு மேலே. அண்ணாந்து பார்க்க வேண்டும். இலைச் சந்து வழியாக வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. முதலில் டேப்லெட்டை வாங்கியவர் ராணியக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருஷமாகக் கொடி கட்டுகிறவர். அந்தப் பத்துப் பேரில் மற்றவர்கள் ஒன்று பேசுவதற்கு முன் திரும்பிப் பார்ப்பது அவர் முகத்தைத்தான்.

"தம்பி, இதுல நான் எதைப் பாக்கணும்?"

"எல்லாத்தையும் பாக்கலாம்க்கா. எல்லாமே இருக்கு."

"எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தா கொடிய எப்பப் பாக்குறது?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு கையில பொட்டி, ஒரு கையில கத்தரி. கொடிய யாரு புடிக்கிறது? தம்பியோட ஆத்தாவா?"

பந்தலே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சாயங்காலம் ஒரு படிவம் கொடுத்தேன். பயன்படுத்துவதற்கு எளிதாக இருந்ததா என்று ஒரு கேள்வி. எழுதப் படிக்கத் தயங்குகிறவர்களுக்காக ஐந்து முகம் வரைந்திருந்தோம், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. பத்துப் பேரும் சிரிக்கிற முகத்தில் டிக் போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் அணியை நடத்தியவர் ஒரு அம்மாள். அதிகம் பேச மாட்டார். போனில் கேட்டார். "பத்துப் பேரும் ஒரே முகமா?"

"ஆமாங்க மேடம்."

"உங்க வீட்டுக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டு உப்பு இல்லைன்னு சொல்வாங்களா? அவங்க உங்க கேள்விக்குப் பதில் சொல்லலை. உங்களை உபசாரம் பண்ணியிருக்காங்க. போய்க் கேட்டுப் பாருங்க."

போய்க் கேட்டேன். ராணியக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "நம்ம பக்கத்துப் புள்ள, பாடுபட்டு செஞ்சு கொண்டாந்திருக்கு. அழுகுற மூஞ்சியவா போட்டுக் குடுப்பாக? ஒன் வேலைக்குக் கேடு வந்துருச்சுன்னா?"

தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் சின்ன வயதிலிருந்தே என்னிடம்தான் வருவார்கள். ஆபீசில் என்ன சொன்னால் நல்லது என்று பார்த்துத்தான் எல்லாரும் பதில் சொல்வார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நானே ஒரு ஆபீஸ் ஆகிவிட்டேன் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது. படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கை எங்கே நிற்கிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்த பிறகு படிவத்தைப் பிரியுங்கள்.

இரண்டாவது பதிப்பில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பெயர் இல்லை, வீடியோ இல்லை, குரல் இல்லை. பந்தல் கம்பியில் மாட்டித் தொங்கவிட ஒரு கொக்கி. திரையில் ஒரே ஒரு பச்சை அம்புக்குறி, இங்கே வெட்டு என்று. அவ்வளவுதான். கேமராவுக்குக் கொடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். "இடது கைய எடுத்துருங்க. கை பட்டா மறைக்குது."

பிடுங்கப் போகிற ஒரு பழைய தோட்டம் இருந்தது. வெட்டிப் பழக அதைக் கொடுத்திருந்தார் அதன் சொந்தக்காரர், உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர். மூன்றே நாளில் பத்துப் பேரும் பிசகாமல் வெட்டினார்கள். அம்புக்குறி வரும், கத்தரி போகும். சோளத்தட்டை அறுக்கிற வேகம். இந்த முறை சிரித்த முகங்கள் நிஜமாகவே சிரித்தன.

அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ராணியக்கா அடுத்த அடியை எடுத்து வைத்தார். ராவுத்தரய்யாவுக்கு நல்ல தோட்டமும் ஒன்று இருந்தது. பத்து நாளில் அங்கே கவாத்து. அங்கே வெட்டுகிற மேஸ்திரிக்கு ஆள் பற்றவில்லை. ராணியக்கா நேரே போய்க் கேட்டுவிட்டார், எங்களையும் கத்தரி பிடிக்க விடுங்கள் என்று. நானும் கூட நின்றேன்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். "கட்டுறவுக வெட்ட வந்தா, வெட்டுறவுக எங்க போறது?"

"ஆள் இல்லேன்னு நீங்கதானே அண்ணே சொன்னீக."

ராவுத்தரய்யா இரண்டு பேரையும் பார்த்தார். "சண்டை எதுக்கு? ஒரு ஆள் வரட்டும். மேஸ்திரி காட்டுற ஒரு செடிய முழுசா வெட்டிக் காட்டட்டும். சரியா இருந்தா இந்தப் போகத்துலேயே சேத்துக்குறேன். இல்லேன்னா பேச்சு அதோட முடிஞ்சுது."

"பொட்டி வரக் கூடாது" என்றார் மேஸ்திரி. "கத்தரி மட்டும். பொட்டிய நம்பித் தோட்டத்துல எறங்கிட்டு, சார்ஜ் இல்லேன்னு பாதியில நிப்பீக."

"வராது" என்றார் ராணியக்கா. என் முகத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

திரும்பி வரும்போது சொன்னார். "தம்பி, நான் தப்பா வெட்டுனா என்னோட போகாது. இந்த ஆளு தேவாரம் ஊரு வரைக்கும் வேலைக்குப் போற ஆளு. பொம்பளைக வெட்டுன லட்சணத்தப் பாத்தேன்னு எல்லாத் தோட்டத்துலயும் சொல்லுவாரு. அதுக்கப்புறம் எந்தப் பொம்பளையும் கத்தரி கேக்க முடியாது."

அந்த வாரத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. சோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வெயிலில் டேப்லெட் சூடாகித் தானாக அணைந்தது. ஆறுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். "அதுவரைக்கும் சும்மா நாலு கொடி வெட்டிக்கிட்டு இருங்கக்கா" என்றேன்.

ராணியக்கா கத்தரியைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ஒரு கொடியைப் பார்த்தார், பக்கத்துக் கொடியைப் பார்த்தார். தோளில் வியர்வை இறங்கியது. அணைந்து கிடந்த டேப்லெட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றை வெட்டினார். மேஸ்திரியிடம் கேட்கவே தேவையில்லை. அது முற்றாத பச்சைக் கொடி, இரண்டில் வெட்ட வேண்டியதை நான்கு கண்ணில் விட்டிருந்தார்.

"அம்பு வந்தா வெட்டிருவேன் தம்பி" என்றார் மெதுவாக. "வரலேன்னா எல்லாக் கொடியும் ஒரே மாதிரி இருக்கு."

மற்ற ஒன்பது பேரையும் வெட்டச் சொன்னேன். அதே கதை. இத்தனை நாளாக அவர்கள் கற்றது அம்புக்குறியைப் பார்க்க மட்டும்தான். நான் செய்தது அவ்வளவு சுகமான கருவி.

இந்த இடத்தில் நீங்கள் என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். என் முன்னால் மூன்று வழி இருந்தது. ராவுத்தரய்யாவிடம் போய்த் தள்ளிப் போடக் கேட்கலாம். ஆனால் கவாத்து தள்ளிப் போகாது. இந்தப் போகம் போனால் மேஸ்திரி சொல்வதுதான் நிலைக்கும். இரண்டாவது, எப்படியாவது டேப்லெட்டை அனுமதிக்கும்படி கெஞ்சலாம். அதைத்தான் முதலில் செய்ய நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. என் கருவி தோற்றது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். மூன்றாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கருவியை நானே கெடுக்க வேண்டும்.

மேடத்தைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "முடிவு உங்களுடையது. நீங்கதான் அங்கே நிக்கிறீங்க. ஒண்ணு மட்டும் யோசிங்க. அந்த அக்காவுக்கு இப்போ எது கஷ்டமா இருக்கணும்?"

எதுவும் கஷ்டமாக இருக்கக் கூடாது என்பதுதானே நம் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போனை வைத்தேன்.

முதல் பதிப்பில் கருவி கஷ்டமாக இருந்தது. திரையைப் புரிந்துகொள்வதிலேயே அவர்கள் மூளை களைத்துவிட்டது, கொடிக்கு மிச்சம் இல்லை. இரண்டாவதில் கருவியும் சுலபம், கொடியும் சுலபம். மூளைக்கு வேலையே இல்லை. பெட்டியைக் கையாள்வது தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்தான். ஆனால் இந்தக் கொடி முற்றியதா என்ற கேள்வி மட்டும் அவர்களுக்குக் கஷ்டமாகவே இருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தைத் தூக்கிப் போட்டால் தொழிலையே தூக்கிப் போட்ட மாதிரி. இதை அன்றைக்கு இவ்வளவு கோர்வையாக நான் யோசிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, மத்தியானச் சோற்றைத் திறக்காமல், கோபத்தோடுதான் யோசித்தேன்.

மறுநாள் அம்புக்குறியைத் தூக்கிவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வரும். அதற்கு முன் அவர்களே முடிவு சொல்ல வேண்டும்.

பத்துப் பேரும் முகத்தைச் சுளித்தார்கள். "நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு இப்ப பரீட்சை கணக்கா ஆக்கி வச்சிருக்க?" அன்றைக்குப் படிவத்தில் அழுகிற முகம் ஏழு விழுந்தது. முதல்முறையாக எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் முடிவுகள் இன்னும் தப்பாகவே வந்தன. ராணியக்கா இருபது கொடிக்கு ஒன்பதுதான் சரியாகச் சொன்னார். "என்னோட சேத்து பத்துப் பேரையும் கவுக்கப் போற தம்பி" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

என்ன குறைகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று மாலை வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் கத்தரி. இடது கை முதுகுக்குப் பின்னால். எல்லார் இடது கையும் முதுகுக்குப் பின்னால்தான்.

"ஏன்க்கா கைய அப்படி வச்சிருக்கீங்க?"

"நீதானே எடுக்கச் சொன்ன. மறைக்குதுன்னு."

கொடியை யார் பிடிக்கிறது என்று முதல் நாளே கேட்டார்களே. மேஸ்திரி ஆட்கள் யாரும் இடது கையால் கொடியைப் பிடிக்காமல் வெட்டுவதில்லை. என் கேமராவுக்காக நான் அந்தக் கையைக் கட்டிப் போட்டிருந்தேன்.

"இப்ப கைய வைங்கக்கா. கட்டும்போது எப்படிப் புடிப்பீங்களோ அப்படி."

பிடித்தார். லேசாக வளைத்தார். விரல் அடியிலிருந்து நுனிக்குப் போனது. முகம் மாறியது.

"இது ஒடியும்" என்றார்.

"அப்படின்னா?"

"கட்டுறப்ப வளைச்சா சில கொடி பொத்துன்னு ஒடஞ்சிரும் தம்பி. அது தேறாத கொடி. சிலது கிர்ருன்னு ஒரு சத்தம் குடுக்கும், ஆனா நிக்கும். ஒடிச்சா ஏச்சு வாங்கணும்ல, அதனால கை தானாப் பாத்துக்கும்."

"அப்போ இது முத்தினதா இல்லையா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதத்தானா காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருந்த? இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல, கிறுக்குப் பயலே!"

பதினைந்து வருஷமாக அந்தக் கை அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் அதற்குக் கவாத்து என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு முறையை அவர்களே அமைத்தார்கள். முதலில் கொடியைப் பிடித்து வளைத்துப் பார்ப்பது. எந்தக் கண்ணில் வெட்டுவதோ அந்த இடத்தில் ஒரு வாழை நாரைச் சுற்றுவது. பிறகு கையை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது. அம்புக்குறியும் நாரும் ஒரே இடத்தில் இருந்தால் வெட்டு. இல்லையென்றால் ஏன் என்று பத்துப் பேரும் கூடிச் சண்டை போடுவது. அந்தச் சண்டையில்தான் படிப்பே நடந்தது. நான் எழுதிய எந்த வரியிலும் அது கிடையாது.

சோதனை நாள் காலையில் ராவுத்தரய்யா கல் தூணில் சாய்ந்து நின்றார். மேஸ்திரி தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாய்க்காலை ஒட்டிய ஒரு செடியைக் காட்டினார். நிழல் விழுகிற இடம். பாதி முற்றியும் பாதி முற்றாமலும் கொடிகள் பின்னிக் கிடந்தன. வேண்டுமென்றேதான் காட்டினார். ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட செடிகளும் தோட்டத்தில் இருக்கின்றன.

டேப்லெட் என் பையில், பை ஜிப் போட்டு என் தோளில். ஒன்பது பெண்களும் வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

ராணியக்கா ஒவ்வொரு கொடியாகப் பிடித்தார், வளைத்தார், வெட்டினார். மெதுவாகத்தான்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டு இருக்க. பொழுது போயிரும்."

"போகட்டும் அண்ணே. நீங்க வெட்டிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருவீக. பின்னால வந்து கட்டுறது நாங்க. தேறாதத நாலுல விட்டுட்டுப் போன ஆளு யாருன்னு எங்களுக்குத்தான் தெரியும்."

வரப்பில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ராவுத்தரய்யா மீசைக்குள் சிரித்தார்.

முக்கால்வாசி முடிந்த பிறகு ஒரு கொடியில் ராணியக்காவின் கை நின்றது. அடி பழுப்பு, நடுவிலிருந்து பச்சை. வளைத்தார். மறுபடி வளைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒரு தலையசைப்புப் போதும். இரண்டு கண் என்றால் ஒரு முறை, நான்கு என்றால் இரண்டு முறை. யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. எனக்கே விடை தெரியவில்லை. அந்தக் கருவியைச் செய்தவன் நான், அம்புக்குறிக்கு விதி எழுதியவன் நான். கருவி இல்லாமல் அந்தக் கொடிக்கு எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கொடுக்கக்கூடிய உதவி ஒன்றுதான் இருந்தது. முகத்தைத் திருப்பி வாய்க்காலைப் பார்த்தேன்.

கத்தரிச் சத்தம் கேட்டது. திரும்பியபோது இரண்டு கண்ணில் வெட்டியிருந்தார்.

வேலை முடிந்தது. மேஸ்திரி ஒவ்வொரு வெட்டாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் தன் கத்தரியை எடுத்து ஒரு கொடியைத் திரும்ப வெட்டினார். "இது பிசகு." ராணியக்கா தலையாட்டினார். கடைசியில் மேஸ்திரி அந்தப் பாதிப் பச்சைக் கொடி இருந்த இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"இத நான் நாலுல விட்டிருப்பேன்."

"அப்ப தப்பா?" என்றார் ராவுத்தரய்யா.

மேஸ்திரி கீழே கிடந்த வெட்டுத் துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். பொய் சொல்ல நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். யாராலும் மறுக்க முடியாது.

"தப்புன்னு சொல்ல முடியாதுங்கய்யா. கைக்குக் கை மாறும்."

ராவுத்தரய்யா தூணிலிருந்து நிமிர்ந்தார். "பத்துப் பேரும் ஒரே நாள்ல வேண்டாம். மூணு பேரு நாளைக்குக் காலையில வரட்டும். மத்தவகள இவுகளே பழக்கட்டும்."

வரப்பில் யாரோ ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ராணியக்கா கத்தரியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேஸ்திரியைக் கேட்டார். "எந்த வரிசைண்ணே?"

"கெழக்கால உள்ளது. ஆறு மணிக்கெல்லாம் இருக்கணும்."

"நாங்க அஞ்சரைக்கே இருப்போம். நீங்க வாங்க."

எல்லாரும் கலைந்த பிறகு மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். பையைக் கண்ணால் காட்டினார்.

"அந்தப் பொட்டிய எடுங்க தம்பி. அதே மாதிரி பாதிப் பச்சை ஒண்ணு அங்கன நிக்கிது. இது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

இருவரும் வாய்க்காலைத் தாண்டிப் போனோம். டேப்லெட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். அம்புக்குறி நான்காவது கண்ணில் வந்தது. இரண்டுக்குப் போனது. மறுபடி நான்குக்கு வந்தது. ஓரிடத்தில் நிற்கவே இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. பிழை, சரி செய்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மேஸ்திரி பெரிதாகச் சிரித்தார். "பரவால்லையே, இதுக்கும் சந்தேகம் வருதே! அப்பத் தேறிரும்."

அம்புக்குறியின் அந்த ஆட்டம் இன்றைக்கும் நம் பிழைப் பட்டியலில் முதல் வரியாக இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அதைச் சரி செய்து பேர் வாங்க உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தொடாதீர்கள். இந்த வருஷமும் ராணியக்கா புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பதிப்பில்தான் பழக்குகிறார். அம்பு ஆடுகிற கொடி வந்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்கிறார்.